செமாய்க்காரரிடம் காசு நீட்டாதீர்கள்

மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைச் சரிவுகளை ஒட்டிய காட்டில், ஒராங் அஸ்லி பழங்குடியினரில் ஒரு பிரிவான செமாய் மக்கள் இன்றும் ஊதுகுழலோடு வேட்டைக்குப் போகிறார்கள். நீண்ட மூங்கில் குழல், ஈப்போ மரப்பால் நஞ்சு தோய்த்த ஈர்க்குச்சி போன்ற அம்பு, ஒரே மூச்சு, அவ்வளவுதான். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப்பன்றி, சருகுமான், சதுப்பில் திரியும் வெள்ளை மார்புக் கானாங்கோழி என்று சில உயிர்களை ஒராங் அஸ்லி மக்கள் பிடித்துக்கொள்ள இடம் தருகிறது. அதுவும் குடும்பத்தின் சாப்பாட்டுக்கு மட்டும். விற்றால் குற்றம். அப்படியிருக்க, விருந்துக்குக் காட்டுக்கறி வேண்டுமென்று தோட்டத்திலிருந்தும் பட்டணத்திலிருந்தும் போய்ப் பணம் கொடுப்பது பெரிய அநியாயம். நாம் ருசி பார்ப்போம். வழக்கில் சிக்குவது விற்ற செமாய்க்காரர். பன்றி தோட்டத்தைக் கிளறுகிறதா, வனவிலங்குத் துறையிடம் புகார் கொடுங்கள். கறிக்குச் சந்தையில் நாட்டுக்கோழி கிடைக்கிறது.