இறாலும் ஆமையும் ஜெனீவா தீர்ப்பும்

மேல்கோட்டையில் கடல் இல்லை. ஆயினும் இங்கு கூலிக்கு வந்திருக்கும் நம் குடும்பங்களில் கடற்கரை ஊரைச் சேர்ந்தவர்களுக்கு, இறால் விலை இறங்கினால் என்ன ஆகும் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த விலையில் ஓர் அமெரிக்கச் சட்டத்துக்கும் பங்கு உண்டு.

1989இல் வந்தது அந்தச் சட்டம். இழுவைமடியில் அகப்படும் ஆமை தப்பிச் செல்ல வழிவிடும் கம்பிக் கருவியைப் பொருத்த வேண்டும்; இல்லையேல் அந்நாட்டுக் கடல் இறாலை வாங்க மாட்டோம் என்பது அதன் சாரம். 1996 மே முதல் அது நம் மீதும் பாய்ந்தது. கரீபியன் நாடுகளுக்கு மூன்றாண்டு அவகாசம். ஆசிய நாடுகளுக்கோ நான்கே மாதம்! இந்தியா, மலேசியா, தாய்லாந்து, பாகிஸ்தான் ஆகிய நான்கும் உலக வர்த்தக அமைப்பில் வழக்காடின.

1998 அக்டோபர் 12இல் மேல்முறையீட்டு அமர்வு தீர்ப்பளித்தது. வென்றுவிட்டோம் என்று இங்கே பலர் மார்தட்டினார்கள். தீர்ப்பைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆமையைக் காக்க வர்த்தகத்துக்குத் தடை போடலாம், ஆனால் நாட்டுக்கு நாடு பாரபட்சம் காட்டக்கூடாது என்பதே அதன் முடிவு. சட்டத்தை ரத்து செய்யும் அதிகாரம் அந்த அமர்வுக்குக் கிடையாது. அமெரிக்கா 1999இல் விதிமுறைகளை மட்டும் திருத்தியது, சட்டம் நின்றது. மலேசியா மறுபடி போய் 2001இல் தோற்றது. 2019இல் இந்தியக் கடல் இறாலுக்கு மறுபடியும் கதவடைப்பு. அதே ஆண்டு டிசம்பரில், நீதிபதிகளை நியமிக்க அமெரிக்கா இசையாததால், அந்த அமர்வே முடங்கிப் போயிற்று. வல்லவனுக்கு வசதிப்படும் வரைதான் நீதிமன்றம் போலும்!

இதனால் ஆமை சாகட்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. பங்குனி ஆமை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காக்கப்படும் உயிர். 2025 தொடக்கத்தில் சென்னைக் கரையில் அவை நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. கரைக்கு அருகில் மடி இழுத்துக் கடலை அரித்தால் நாளை மீனவனுக்கும் மீன் இராது.

நம் கேள்வி வேறு. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11இல் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. அப்போதே, ஓராண்டாவது தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்குக் கூடுதல் ஈடாக ஆறாண்டுக் கூலி தர வேண்டும் என்றும் எழுதியது. 2005இல் நாடாளுமன்றம் வேறு சட்டம் கொண்டுவந்து பண்ணைகளுக்கு வழிவிட்டது தனிக்கதை. ஆனால் சுற்றுச்சூழலைக் காக்கும் தீர்ப்பில் கூலிக்காரனுக்கும் இடம் உண்டு என்பதை அந்த வரி காட்டியது. ஜெனீவாவில் வாதாடியவை அரசுகள். அங்கே வலை இழுப்பவனுக்கு ஈடு கேட்க யாருமில்லை.

விசைப்படகில் டீசல், ஐஸ் செலவெல்லாம் கழித்த பிறகே ஆட்களுக்குப் பங்கு. ஆமைக் கருவியின் விலையும், அதன் வழியே நழுவும் இறாலின் நட்டமும் அந்தக் கழிவில் சேரக்கூடாது. அன்னியச் செலாவணி கண்ட ஏற்றுமதியாளரும் மத்திய அரசுமே அதைச் சுமக்க வேண்டும் எனக் கேட்கிறோம்.