கையெழுத்து தலையெழுத்தா?

உத்திரமேரூர் என்றதும் நம்மவர்கள் மார்பை நிமிர்த்துவார்கள். நிமிர்த்தட்டும்! குடவோலை கண்ட ஊர். பராந்தக சோழன் காலத்திலே, 919லும் 921லும், ஊராட்சி விதிகளைக் கல்லிலே வெட்டி வைத்த ஊர். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரிலே அந்த எழுத்து இன்றும் நிற்கிறது.

ஆனால் தோழர்களே, அந்தக் கல்வெட்டிலே மேடைகள் அதிகம் பேசாத ஓர் இடம் உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் பெயரைக் குடத்திலே இடக்கூடாது என்கிறது கல். நியாயம்! கணக்குக் காட்டாதவனுக்குப் பதவி எதற்கு? அதோடு நின்றதா? இல்லை! அவன் தகப்பன் கூடாது, மகன் கூடாது, உடன்பிறந்தான் கூடாது, மாமனார் கூடாது, மருமகன் கூடாது, மைத்துனன் கூடாது. சிற்றன்னை மகன், பெரியன்னை மகன், அத்தை மகன், மாமன் மகன் எவனும் கூடாது! தின்றவன் ஒருவன், கைகழுவ வேண்டியவர்கள் ஒரு தெரு!

(நிலமும் வேதமும் உடையவர்கள் மட்டுமே குடத்தருகே வர முடிந்த சபை அது. உழுதவனுக்கு அங்கே ஓலை இல்லை. அந்தக் கதையை வேறொரு நாள் பேசுவோம்.)

ஆயிரத்து நூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. ஓலை போயிற்று, கம்ப்யூட்டர் வந்தது. குடம் போயிற்று, சிபில் வந்தது. 2000த்திலே துவங்கிய கம்பெனி அது. 2005லே பார்லிமெண்டு தனிச் சட்டமே போட்டது. இன்று சிபிலோடு எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு கம்பெனிகள், கடன் வாங்கியவர்களுக்கெல்லாம் பரீட்சைப் பேப்பர் திருத்துகின்றன. மார்க்கு 300 முதல் 900 வரை.

எண்ணிப் பாருங்கள். இந்த வட்டாரத்துக் கிராமம் ஒன்றிலே இரண்டு நண்பர்கள். ஒருவனுக்கு வாய் வளம். மற்றவனுக்குக் கை வளம். நெல் மூட்டை ஏற்ற ஒரு லாரி. கடன், வாயாடி பெயரிலே. ஜாமீன் கையெழுத்து, உழைப்பாளி பெயரிலே. ஆறு மாதம் தவணை ஒழுங்காக நடந்தது. ஏழாம் மாதம் லாரி காயலான் கடையிலே துண்டு துண்டாகிவிட்டது. கூட்டாளி எந்த ஊரில் இருக்கிறான் என்றே தெரியவில்லை. எஞ்சியவன் இரண்டு வருஷம் கழித்து மகளின் படிப்புக்காகப் பாங்கிக்குப் போகிறான். மானேஜர் கம்ப்யூட்டரைப் பார்க்கிறார். உதட்டைப் பிதுக்குகிறார். "உங்க சிபில் சரியில்லைங்களே!"

வீட்டுக்கு வந்தால் கிழவி சொல்கிறாள், "எல்லாம் விதிப்பா!"

விதியல்ல பாட்டி, விதிமுறை! 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 128ஆம் பிரிவு: கடன் வாங்கியவனுக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு ஜாமீன் போட்டவனுக்கும் உண்டு. வெள்ளைக்காரன் எழுதி வைத்தது, இன்றும் நடக்கிறது. பிரம்மா தலையிலே எழுதியதை அழிக்க முடியாது என்பார்கள். பாங்கி ஏட்டிலே எழுதியதை அழிக்கலாம், திருத்தலாம். வழி தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

"ஜாமீன்காரனை விட்டுவிட்டால் எவன் கடன் கொடுப்பான்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பணத்தைக் கேள், கட்டுகிறோம். உழைப்பவன் கடனுக்கு அஞ்சியவனல்ல. ஆனால் கடனைக் கட்டிய பிறகும் கறை ஏன்? பழைய விவரத்தைக் குறைந்தது 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஏமாற்றியவனுக்கும் ஏமாந்தவனுக்கும் ஒரே மையிலே எழுதி, ஏழு ஆண்டுகள் ஒரே கொட்டடியிலே அடைப்பது என்ன நீதி? ஜாமீன்காரன் மோசம்போனவன் என்று போலீசிலும் கோர்ட்டிலும் நிலைநாட்டப்பட்டால், அதையும் அந்த அறிக்கையிலேயே எழுது. கடன் கொடுக்க வருபவன் அதைப் படித்துத்தான் தீர வேண்டும் என்று உத்தரவு போடு! டில்லியையும் ரிசர்வ் பாங்கியையும் நாம் கேட்பது இதைத்தான்.

கூட்டாளி செய்த வினை பெரிய இடத்தையும் விட்டதில்லை. 1906 அக்டோபரிலே சென்னையின் அர்பத்நாட் கம்பெனி மண்ணைக் கவ்வியது. லண்டன் கூட்டாளி மாக்ஃபேடியன் சூதாட்ட வியாபாரத்திலே பணத்தை விட்டுவிட்டு ரயில் முன் பாய்ந்து மாண்டான். சென்னையில் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குக் கடுங்காவல். பணம் போட்டு வைத்த குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. மறு ஆண்டே, 1907லே, அதே சென்னையிலே இந்தியன் பாங்கி கதவைத் திறந்தது. போன நம்பிக்கையை ஒப்பாரி மீட்கவில்லை. புதுக் கணக்கு மீட்டது.

ஏமாந்த தம்பிக்கும் அதுதான் பாதை. முதலில் உன் அறிக்கையை வாங்கு. நான்கு கம்பெனிகளும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை காசில்லாமல் தந்தாக வேண்டும். உனக்குத் தெரியாத கடன் அதிலே இருக்கிறதா? இருந்தால் பாங்கியிடம் கடன் மனுவின் நகலைக் கேள். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார். கள்ளக் கையெழுத்தானால் போலீசிலே புகார், அதன் நகலோடு பாங்கிக்கும் கம்பெனிக்கும் எழுத்திலே மனு. 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்குப் பின் ஒவ்வொரு நாளுக்கும் உனக்கு 100 ரூபாய் அவர்கள் தர வேண்டும். 2024 ஏப்ரல் முதல் ரிசர்வ் பாங்கி வைத்திருக்கும் விதி இது. எத்தனை பேருக்குத் தெரியும்? அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போ.

கையெழுத்து உன்னுடையதே என்றால் கட்டத்தான் வேண்டும். கட்டும்போது கவனம்! "பாதி கொடுங்கள், முடித்துக்கொள்வோம்" என்று பாங்கியிலே இனிக்க இனிக்கப் பேசுவார்கள். பாதி கட்டினால் ஏட்டிலே விழுவது 'செட்டில்டு' என்ற சொல். அடுத்த பாங்கிக்காரன் கண்ணிலே அது ஒரு வடு. முழுதும் கட்டினால் விழுவது 'குளோஸ்டு'. முடிந்தவரை இரண்டாவதைப் பார். பாக்கியில்லை என்ற கடிதத்தை வாங்கிப் பெட்டியிலே வை. கட்டிய பணத்தைக் கூட்டாளியிடம் வசூலிக்க அதே 1872 சட்டம் உனக்கு உரிமை தருகிறது; கட்டிய நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். பிறகு, பிக்சட் டெபாசிட் ஒன்றின் பேரிலே சிறு கடன் வாங்கித் தவணை தவறாமல் கட்டு. மார்க்கு ஏறும், மெல்லத்தான் ஏறும். "ஐயாயிரம் கொடுங்கள், ஒரே வாரத்தில் சிபிலை அழித்துத் தருகிறேன்" என்று பஸ் ஸ்டாண்டிலே ஒருவன் வருவான். அவன் இரண்டாவது கூட்டாளி!

கூட்டு வியாபாரத்திலிருந்து விலகியவர்களுக்கு ஒரு வார்த்தை. டீக்கடையிலே நாலு பேர் முன்னால் "பிரிந்துவிட்டோம்" என்றால் சட்டத்தின் காதிலே விழாது. 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி பொது அறிவிப்புக் கொடுக்க வேண்டும்: கெஜட்டிலே, மாவட்டத்தில் உலவும் தமிழ்ப் பத்திரிகை ஒன்றிலே, பதிவான கூட்டானால் பதிவாளருக்கும். அதுவரை அவன் வாங்கும் புதுக்கடனும் உன் வாசலைத் தேடி வரலாம்.

அந்தக் கல்லைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொடிய விதியானாலும் சுவரிலே இருந்தது. எழுத்துத் தெரிந்தவன் நின்று படிக்கலாம். இன்றைய விதியோ எங்கோ ஒரு கம்ப்யூட்டருக்குள்ளே, இங்கிலீஷிலே கிடக்கிறது. ஆகவே வரும் ஞாயிறு ஒவ்வொரு படிப்பகத்திலும் செல்போன் பழகிய இளைஞர் ஒருவர் உட்காரட்டும். நெசவாளியும் லாரிக்காரரும் களத்துமேட்டுத் தோழரும் வரிசையாக வந்து, அவரவர் அறிக்கையை எடுத்துத் தமிழிலே கேட்டுத் தெரிந்துகொண்டு போகட்டும். போனிலே வரும் ஓ.டி.பி. எண்ணை மட்டும் அவரவரே தட்டுங்கள். கேட்பவர் தோழரே ஆனாலும் சொல்லாதீர்கள்!