முதலில் தெரிந்துவிட்டால் அவள்தான் குற்றவாளியா?



நேற்று முகூர்த்த நாள். வடபழனி முருகன் கோயில் பக்கம் நடக்க இடமில்லை, அத்தனை கல்யாணக் கூட்டம். பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். பால்வினை நோயைப் பற்றித்தான். முகம் சுளிப்பவர்கள் இப்போதே நகர்ந்துவிடலாம்.

என்னிடம் படித்த ஒரு பெண். முதல் கர்ப்பத்தில் வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. "எங்க பையனுக்கு நீதான் கொண்டு வந்தே" என்று புகுந்த வீட்டில் வெளியே அனுப்பிவிட்டார்கள். அவன் ரத்தத்தை யாரும் பார்க்கவே இல்லை.

கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டும் பார்க்கிறார்கள், குழந்தைக்குப் போகாமல் தடுப்பதற்காக. நல்ல ஏற்பாடு. ஆனால் அதனாலேயே வீட்டில் முதலில் மாட்டிக்கொள்பவள் மனைவி. முதலில் தெரிந்தது அவளுக்கு என்பதால் முதலில் வந்ததும் அவளுக்குத்தான் என்று ஆகிவிடுமா?

இந்த வழக்கம் புதிதல்ல. 1986இல் இதே சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளிகளின் ரத்தத்தைச் சோதித்தபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதே தெரிந்தது. பழி முழுக்க அந்தப் பெண்கள் மேல். அவர்களிடம் போய்விட்டு வீடு திரும்பிய கனவான்களை யார் கேட்டார்கள்? நம் நாட்டில் இந்தத் தொற்று பெரும்பாலும் ஆண் பெண் உறவில்தான் பரவுகிறது. தன்னிடம் வந்த பெண்களில் பலர் கணவனைத் தவிர வேறு யாரையும் அறியாதவர்கள் என்று சுனிதி டாக்டரே சொல்லிவந்தார்.

பத்துப் பொருத்தம் பார்க்கிறோம், சம்பளச் சீட்டு கேட்கிறோம். "ரெண்டு பேரும் போய் ரத்தம் பாத்துட்டு வாங்க" என்றால் மட்டும் மானம் போகிறதாம். "நல்ல குடும்பத்துப் பையன்" என்பது லேப் ரிப்போர்ட்டா? அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், ரகசியம். யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, 2017 சட்டப்படி சம்மதம் வேண்டும், அதுவும் நியாயமே. (புதிதாகத் தொற்றியிருந்தால் உடனே தெரியாது, சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.) மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உறவின் மூலம் பரவாது. ஆகவே கல்யாணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. மறைக்காதீர்கள் என்கிறேன்.

என் பங்கும் இதில் உண்டு. முப்பது வருஷம் உயிரியல் எடுத்தேன். இனப்பெருக்கப் பாடம் வந்தால் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவேன். அந்தப் பெண்ணும் அந்த வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தாள்.

தை பிறந்ததும் என் தம்பி மகனுக்குப் பெண் பார்க்கக் கிளம்புகிறோம். அதற்கு முன்னால் அவனிடம் பேசி நம்பிக்கை மையத்துக்குக் கூட்டிப்போகலாம் என்றிருக்கிறேன். தம்பி, இதைப் படித்துவிட்டு போனில் கத்தாதே, நேரில் வா.