சுவர் எழுந்தால் போதுமா?

நாகர்கோவில் என்று சொன்னதும் நம் தோழர்களுக்குக் குமரி மாவட்டத்து நகரம் நினைவுக்கு வரும். கடலுக்கு அப்பாலும் ஒரு நாகர்கோவில் இருக்கிறது. யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கிழக்கில், மணலும் பனையும் மீன்வலையுமாக வாழ்ந்த சிற்றூர் அது. 1995ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், நண்பகல் நேரம், அந்த ஊர் மகாவித்தியாலயத்தின் மீது வானிலிருந்து குண்டு விழுந்தது. இலங்கை விமானப்படை வீசிய குண்டு! பள்ளிப் பிள்ளைகள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏடு பிடித்த கைகள் அவை. எவன் மீதும் வேல் பிடித்த கைகள் அல்ல!

பின்னர் அந்த ஊரே போர்முனையாயிற்று. ஊரார் திக்குக்கு ஒருவராய்ச் சிதறினர். 2009 மே மாதத்தில் போர் ஓய்ந்தது. மக்கள் மெல்ல மெல்லத் திரும்பினர். இன்று அங்கே பள்ளி மீண்டும் நடக்கிறது. ஆண்டுதோறும் அந்த நாளில், மாண்ட பிள்ளைகளுக்காக விளக்கேற்றுகிறார்கள்.

ஓர் ஊரின் கதை இது. வன்னி முழுவதும் இதே கதைதான். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குண்டுபட்ட பள்ளிகள் எத்தனை! கூரை பறந்த பள்ளிகள் எத்தனை! போர் முடிந்தபின் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் வவுனியாவில் முள்வேலிக்குள் அடைபட்டுக் கிடந்தார்களே, அவர்கள் ஊர் திரும்பியபோது பிள்ளைகளுக்கு மரத்தடியே வகுப்பறை, தகரக் கொட்டகையே பள்ளிக்கூடம்! அந்நிலையிலிருந்துதான் அவர்கள் எழுந்தார்கள். டொராண்டோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இரவுப் பணி பார்த்துப் பிழைக்கும் பழைய மாணவர்கள், தாம் படித்த பள்ளிக்குப் பணம் அனுப்பினர். இந்திய அரசும் பல பள்ளிகளைச் சீர்செய்து கொடுத்தது. தொண்டு நிறுவனங்கள் வந்தன. சுவர் எழுந்தது, கூரை ஏறியது, வண்ணமும் பூசியாயிற்று.

ஆனால் தோழர்களே, சுவர் எழுந்தால் பள்ளி எழுந்துவிடுமா? அதைத்தான் இன்று நாம் கேட்க விரும்புகிறோம்.

விழுப்புரம் சந்திப்பில் வண்டிக்குக் காத்திருக்கும் தொழிலாளி கேட்கலாம்; திண்டிவனத்து மார்க்கெட் கமிட்டியில் மல்லாக்கொட்டை மூட்டை தூக்கும் தோழர் கேட்கலாம்: "நம்மூர்ப் பள்ளிக்கே ஆயிரம் குறை இருக்கும்போது, கடல் கடந்த ஊர்ப் பள்ளியைப் பற்றி நமக்கென்ன பேச்சு?" நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லாமல் வசனம் பேசிவிட்டுப் போவது நம் வழக்கமன்று.

முதல் விடை: அது நாம் பட்ட கடன்!

1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் யார்? மயிலாப்பூரில் பிறந்தவர்களா? இல்லை! இருவரும் யாழ்ப்பாணத்தார். ஒருவர் விசுவநாதபிள்ளை, மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. நன்கொடையால் நடந்த வட்டுக்கோட்டைக் கல்லூரியில் படித்தவர்கள். செல்லரித்துக் கிடந்த ஏட்டுச் சுவடிகளைத் தேடி எடுத்து, 1887இல் கலித்தொகையை அச்சிட்டு நம் கையில் கொடுத்தவர் அந்தத் தாமோதரம்பிள்ளைதான். கடலுக்கு அப்பால் ஒரு பள்ளிக்கு யாரோ கொடுத்த காசு, நம் இலக்கியத்தைக் காத்தது!

இன்னும் அருகில் வருவோம். விழுப்புரமும் திண்டிவனமும் 1993 வரை பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்தில் இருந்த ஊர்கள். அதே தென்னார்க்காட்டுச் சிதம்பரத்தில் 1864இல் பள்ளி கண்டவர் ஆறுமுக நாவலர். அவர் யாழ்ப்பாணத்தவர். அவருடைய சமயக் கொள்கை நமக்கு உடன்பாடன்று. சாதி பற்றிய அவர் கருத்து அறவே உடன்பாடன்று. ஆயினும், ஈழத்திலிருந்து வந்து நம் மண்ணில் பள்ளி வைத்தார் என்பதை மறைக்க நாம் யார்?

திண்டிவனத்திலே வால்டர் ஸ்கடர் பெயரில் ஒரு பள்ளி இருக்கிறதே, அந்தக் குடும்பத்தின் மூத்தவர் ஜான் ஸ்கடர் அமெரிக்காவிலிருந்து வந்து முதலில் பணியாற்றிய இடம் எது? இலங்கை! யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவம் பார்த்தார்; பின்னர் 1836இல் சென்னை வந்தார். அவருடைய மக்கள் தொடங்கியதே ஆர்க்காட்டு மிஷன். மதம் பரப்ப வந்தவர்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால் அக்கிரகாரத்துத் திண்ணையில் இடம் கிடைக்காதவன் பிள்ளைக்குப் பெஞ்சில் இடம் கிடைத்ததும் அத்தகைய பள்ளிகளில்தான். முகம் தெரியாத மக்கள் தந்த காசில் நம் பாட்டனும் பூட்டனும் எழுத்தறிந்தார்கள். இன்று நம் முறை வந்திருக்கிறது.

இரண்டாவது விடை, எப்படிக் கொடுப்பது என்பது பற்றியது.

கொடையில் இருவகை உண்டு. கல்வெட்டுக்குக் கொடுப்பது ஒன்று; கல்விக்குக் கொடுப்பது மற்றொன்று. முதல்வகைக் கொடையாளி வருவார், நாடா வெட்டுவார், புகைப்படம் எடுத்துக்கொள்வார், பளிங்குக் கல்லில் தம் பெயரையும் தம் தகப்பனார் பெயரையும் பொறித்துவிட்டுப் போவார். மறுநாள் காலை பள்ளி மணி அடிக்கும். கணக்கு ஆசிரியர் இல்லை! ஆய்வுக்கூடம் இருக்கிறது, விஞ்ஞானம் கற்பிக்க ஆளில்லை! கணினி இருக்கிறது, அறைக்குப் பூட்டு! உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்க விரும்பும் பெண், ஊர்ப்பள்ளியில் அந்தப் பிரிவு இல்லாமல் தொலைவிலுள்ள பள்ளிக்கு மிதிவண்டி மிதிக்கிறாள். அல்லது படிப்பையே நிறுத்துகிறாள். வன்னியின் உட்புறத்துக் கிராமப் பள்ளிகளின் நோய் இது. நகரத்து ஆசிரியர்கள் அங்கே போய்த் தங்க விரும்புவதில்லை. இந்த நோய்க்குச் சுண்ணாம்பு பூசினால் தீருமா?

கொடை எதைச் செய்யவேண்டும், அரசு எதைச் செய்யவேண்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. 1953இல் ஆச்சாரியார் ஒரு திட்டம் கொண்டுவந்தார். பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில்! வண்ணான் மகன் வெளுக்கவேண்டும், குயவன் மகன் மண் பிசையவேண்டும் என்ற குலக்கல்வித் திட்டம். குண்டு போடாமலே பள்ளியைத் தகர்க்கும் வித்தை அது! தமிழகம் கொதித்தது, ஆச்சாரியார் போனார், 1954இல் திட்டமும் ஒழிந்தது. அடுத்து வந்த காமராசர் மாற்றுக் கட்சிக்காரர்தான். அதனால் உண்மையை மாற்றிச் சொல்ல முடியுமா? கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் துணையோடு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. ஊரார் நிலம் கொடுத்தனர், பெஞ்சு கொடுத்தனர், பலகையும் படமும் கடிகாரமும் கொடுத்தனர். உழவன் கொடுத்தான், கடைக்காரன் கொடுத்தான், கூலிக்காரனும் கொடுத்தான். ஆனால் ஆசிரியருக்குச் சம்பளம்? அதை அரசு கொடுத்தது! ஊர் கொடுத்ததால் அரசு கைகழுவவில்லை. அரசு இருக்கிறதென்று ஊர் கைகட்டி நிற்கவுமில்லை. அதுவே முறை.

இலங்கையிலும் இந்தக் கடமை புதிதன்று. கன்னங்கராவின் முயற்சியால் 1945இலேயே இலவசக் கல்வியை ஏற்றுக்கொண்ட நாடு அது. தகர்த்த பள்ளியை நன்கொடையாளர் கட்டிவிட்டார் என்பதற்காகக் கொழும்பு அரசு கணக்கு முடிந்ததென்று எழுதிவிட முடியாது. கொடை கொடுப்பவர்கள் வாய்மூடிக் கொடுக்கவேண்டியதில்லை. "சுவர் நாங்கள் தருகிறோம், ஆசிரியர் எங்கே?" என்று கேட்டுக்கொண்டே கொடுக்கவேண்டும்!

இதில் சிங்களவர், தமிழர் என்ற பகைப்பேச்சுக்கு இடமில்லை. 2022இல் இலங்கை பஞ்சத்தில் வாடியபோது, தமிழ்நாட்டு அரசு அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலேற்றி அனுப்பியது. இலங்கை மக்கள் அனைவருக்கும் என்று சொல்லித்தான் அனுப்பியது. பசித்த பிள்ளைக்கு இனம் பார்க்காத கை நம் கை.

சரி, விழுப்புரத்துத் தோழன் என்ன செய்வது? கடலைத் தாண்டும் முன் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போங்கள்! மரக்காணத்துப் பக்கம் கீழ்ப்புத்துப்பட்டில் ஈழத்தமிழர் முகாம் இருக்கிறது. குண்டுக்கு அஞ்சி ஓடிவந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே வளர்கிறார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் இருப்பதாக 2021இல் கணக்கு வந்தது. அவ்வாண்டு தமிழ்நாட்டு அரசு 'அகதி முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றி, வீடும் படிப்புதவியும் அறிவித்தது. நன்று! ஆனால் நம் பள்ளியில் நம் பாடத்தைப் படித்து, நம் கல்லூரியில் பட்டமும் பெற்ற பிள்ளை, குடியுரிமை இல்லாததால் அரசு வேலைக்கு மனுப்போட முடியாமல் வண்ணம் பூசும் வேலைக்குப் போகிறானே! 2019இல் டில்லி கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. தமிழன் என்பதால் மறந்தார்களா, மறந்ததுபோல் நடித்தார்களா?

ஏதுமற்று நிற்பது என்னவென்று நம் மாவட்டத்துக்குத் தெரியும். 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் கரைகடந்ததே! மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. தென்பெண்ணை பெருகி ஊருக்குள் புகுந்தது. பிள்ளைகளின் புத்தகப் பையை வெள்ளம் கொண்டுபோன வீடுகள் எத்தனை! அன்று நம் ஊர் பேர் தெரியாதவர்கள் வண்டி வண்டியாய்ப் பொருள் அனுப்பினார்கள். ஒரு மழைக்கே நாம் அப்படித் தவித்தோம். முப்பதாண்டு நெருப்பில் நின்றவர்களை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. வரவேற்பு வளைவுக்கும் விளம்பரப் பலகைக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு கிளையும் எடுத்து வையுங்கள். முகாமுக்குப் போய், என்ன வேண்டுமென்று பெற்றோரையும் ஆசிரியரையும் கேளுங்கள். நாமே முடிவுகட்டிக்கொண்டு போகவேண்டாம். மாலை வகுப்பா, கல்லூரிக் கட்டணமா, மிதிவண்டியா, அவர்கள் சொல்லட்டும். வன்னிப் பள்ளிக்குக் கொடுக்க விரும்புவோர் முறையான அறக்கட்டளை வழியாகக் கொடுங்கள். கொடுத்தபின் கணக்குக் கேளுங்கள். கேட்டால் கோபிப்பவனிடம் காசு கொடுக்காதீர்கள். ஓராண்டு கொடுத்து நின்றுவிடாமல், ஒரு பிள்ளை பள்ளி முடிக்கும்வரை கொடுங்கள். எந்தக் கல்லிலும் நம் பெயர் வேண்டாம்.

ஈழத்து நாகர்கோவிலில் பள்ளி மணி மீண்டும் அடிக்கிறது. மணி அடித்தபின் வகுப்புக்குள் ஆசிரியர் நுழைகிறாரா? அந்தப் பிள்ளை கடைசி வகுப்புவரை படிக்கிறதா? அதுவரை பள்ளி கட்டி முடிந்தது என்று நாம் எழுதமாட்டோம். எவரும் எழுத விடவும் மாட்டோம்.