குளிர்வாயு தீர்ந்து போவதில்லை



பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும், "காரில் ஏ.சி. குளிரவில்லை, கேஸ் தீர்ந்துவிட்டதாம்" என்னும் பேச்சு நம் வீடுகளில் ஆண்டுதோறும் எழுகின்றது. சபுராளி மகனைத் திருச்சி விமான நிலையத்திலிருந்து அழைத்துவர வேண்டியிருக்கும். அல்லது முதியவர் ஒருவரைத் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருக்கும். அவசரத்தில் பணிமனைக்கு ஓடி, கேட்ட பணத்தைக் கொடுத்து, கேஸ் நிரப்பி வருகின்றோம். அடுத்த பங்குனியில் மீண்டும் அதே கதை.

பெட்ரோலைப் போல இந்த வாயுவும் ஓட ஓடத் தீரும் என்று படித்தவர்களும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. காரில் முதன்முதல் அடைத்த வாயுவே ஆண்டுக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருகின்றது. அது குறைந்துவிட்டதென்றால் எங்கோ கசிந்திருக்கின்றது என்பதே பொருள்.

ஒளுச் செய்த ஈரக் கையுடன் மின்விசிறியின்கீழ் நின்றால் கை சில்லிடுகின்றதல்லவா? நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் உடன் கொண்டுசெல்கின்றது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனாலேயே. காரில் நீருக்குப் பதிலாக, சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும் ஒரு பொருள் இருக்கின்றது. நம் நாட்டுக் கார்கள் பெரும்பாலானவற்றில் அது ஆர்-134ஏ. எஞ்சினின் பெல்ட்டினால் சுழலும் கம்ப்ரஸர் இவ்வாயுவை அழுத்தும்போது அது சூடாகின்றது. சைக்கிளுக்குக் காற்றடிக்கையில் பம்பின் அடிப்பகுதி சுடுவதை அறிவீர்கள். சுட்ட வாயு, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சரில் வெளிக்காற்றுப் பட்டு வெப்பத்தை இழந்து திரவமாகும். பின்னர் ஈரத்தை உறிஞ்சும் சிறு குடுவையைக் கடந்து, எக்ஸ்பான்ஷன் வால்வின் குறுகிய துளைவழியே பீறிட்டு, டாஷ்போர்டின் உள்ளே இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகும். அக்காயிலைத் தழுவி வரும் காற்றே நம் முகத்தில் வீசுகின்றது. ஆவியான வாயு மீண்டும் கம்ப்ரஸருக்கே திரும்பிவிடும்.

ஆகவே குளிர் குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது கேஸை அன்று, கண்டென்சரை. நம் பகுதிச் சாலைகளில் தை, மாசி மாதங்களில் நெல்லைக் காயப்போடுவதும் வைக்கோல் தூசி பறப்பதும் வழக்கம். அத்தூசியும் பதரும் கண்டென்சரின் மெல்லிய தகடுகளுக்கிடையே அடைந்துவிட்டால் வெப்பம் வெளியேற வழியேது? இதனைக் கழுவாமல் மேலும் கேஸ் ஏற்றினால் அழுத்தம் மிகுந்து கம்ப்ரஸர்தான் வருந்தும். மெல்லிய நீர்த்தாரையால் கழுவுதல் போதும். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும். காருக்குள் இருக்கும் காற்று வடிகட்டியையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

கண்டென்சர் துப்புரவாக இருந்தும் குளிரவில்லையா? அப்போது கசிவைத் தேடச் சொல்லுங்கள். சிறு கார்களில் வாயுவின் அளவே ஏறத்தாழ அரைக் கிலோதான். பல்லாண்டுகளில் ரப்பர் குழாய்வழியே சிறிது கசிவது இயல்பு. ஓராண்டிலேயே குளிர் மறைவது இயல்பன்று. இணைப்புகளிலுள்ள ரப்பர் வளையம், கல்லடிபட்ட கண்டென்சர், அரித்துப்போன காயில், கம்ப்ரஸரின் சீல் ஆகியவற்றில் எதுவும் காரணமாகலாம். நைட்ரஜனை அழுத்தி ஏற்றிச் சோப்பு நீரால் தடவிப் பார்த்தாலே பல கசிவுகள் குமிழியிட்டுக் காட்டிக்கொடுக்கும். கசிவை அடைத்தபின், வேக்யூம் பம்பினால் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் முற்றிலும் உறிஞ்சியெடுத்த பிறகே நிரப்ப வேண்டும். பொனட்டின் உட்புறம் ஒட்டியுள்ள தாளில் வாயுவின் பெயரும் கிராம் அளவும் அச்சிட்டிருக்கும். அந்த அளவை நிறுத்துப் போடச் சொல்லுங்கள், கைக்கணக்கு வேண்டா. இதற்கெல்லாம் நேரமில்லை என்று கூறும் பணிமனையைவிட்டு வேறிடம் செல்வதே மேல். கம்ப்ரஸருக்கு வேண்டிய எண்ணெயும் இவ்வாயுவோடுதான் சுற்றிவருகின்றது. கசிவில் எண்ணெயும் போய், கம்ப்ரஸர் இறுகிவிட்டால், கேஸுக்குக் கொடுத்ததைப்போல் பல மடங்கு கொடுக்க நேரும்.

கசிந்த வாயு எங்கே போகின்றது? முன்னாளில் கார்களில் இருந்தது ஆர்-12. அவ்வகை வாயுக்கள் வானத்து ஓசோன் படலத்தை அழிக்கும் என்று மோலினா, ரோலண்ட் என்னும் அறிஞர் இருவர் 1974-இல் எடுத்துரைத்தனர். 1985-இல் தென்துருவத்தின்மேல் அப்படலம் மெலிந்திருப்பது வெளிப்பட்டது. 1987-இல் மாண்ட்ரியலில் உடன்படிக்கை உருவாயிற்று. இந்தியா 1992-இல் அதில் சேர்ந்தது. அதன்பின் வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. எனினும் பூமியைச் சூடேற்றுவதில் கரியமில வாயுவைக் காட்டிலும் ஆயிரம் மடங்கிற்கு மேல் வல்லது. ஒரு காரிலிருந்து கசியும் அரைக் கிலோ, அரை டன்னுக்கும் மேற்பட்ட கரியமில வாயுவுக்கு நிகர். இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைப்பதென 2016-இல் கிகாலியில் நாடுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன.

இன்னொன்று. ஏ.சி. ஓடும்போது காரின் அடியில் நீர் சொட்டுவதைக் கண்டு கசிவென்று அஞ்ச வேண்டா. குளிர்ந்த காயிலில் காற்றின் ஈரம் படிந்து வடியும் நீரே அது. அந்நீர் வெளியே சொட்டாமல் கால்மிதியை நனைத்தால், வடிகுழாய் அடைத்திருக்கின்றது என்று அறியலாம். நாற்றம் பிறப்பதும் அங்கிருந்தே. மழைக்காலத்திலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏ.சி.யை ஓடவிடுங்கள், எண்ணெய் சுற்றிவந்து கம்ப்ரஸரின் சீல் உலராமல் இருக்கும். முன்கண்ணாடியில் படியும் ஆவியும் அதனாலேயே நீங்கும்.