அம்மாவுக்கு வந்தது எந்தப் புற்று?



சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாக் கூட்டத்துக்குள் போய்விட்டு வேர்க்காமல் திரும்பியவர் உண்டா? எனக்கும் தலையிலிருந்து கால் வரை ஊற்றியது. யாரும் கவனிக்கவில்லை. ஆனால் மார்கழி மாதம், மலைக்காற்று ஜில்லென்று இறங்கும் எங்கள் சின்னமனூரில், ராத்திரி 2 மணிக்கு எழுந்து ஃபேனைப் போட்டால் சும்மா இருப்பார்களா? "ஏத்தா, உனக்கென்ன கிறுக்கா? எனக்குக் கை கால் விறைக்குது!" என்று கம்பளிக்குள்ளிருந்து என் மாமியார் சத்தம் போட்டார்.

எனக்கு வயது 47. விலக்கு நின்று ஒரு வருடம் ஆகியிருந்தது. நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறதாம். நின்றால் விட்டது தொல்லை என்று நினைத்திருந்தேன். அதற்குப் பதில் வேறு தொல்லை வந்தது. உடம்புக்குள் யாரோ அடுப்பு மூட்டியது போல குப்பென்று வெக்கை, அப்புறம் வேர்வை, அப்புறம் குளிர். ராத்திரியில் நாலு தடவை, ஐந்து தடவை. ஒரு நாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, நின்றபடியே கண் செருகிவிட்டேன். பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. நல்லவேளை, என் மகன் வாடை பிடித்து ஓடி வந்து கேஸை மூடினான்.

அன்றைக்கே தேனிக்குப் போய் லேடி டாக்டரைப் பார்த்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, "ஹார்மோன் கொடுத்தா நல்லா கேக்கும். குடும்பத்துல யாருக்காவது புற்றுநோய் உண்டா?" என்றார்.

"எங்கம்மா அதுலதான் போய்ச் சேந்தாங்க, டாக்டர்."

"எந்த இடத்துல?"

எனக்குப் பதில் தெரியவில்லை, சகோதரிகளே! பெற்ற தாய் 1997-ல் 42 வயதில் இறந்தாள். அப்போது எனக்குப் 19 வயது. 'வயித்துக்கட்டி' என்றார்கள், 'புத்து' என்று கிசுகிசுத்தார்கள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

"எந்த இடம், எந்த வயசுன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்க. அதுக்கப்புறம் முடிவு பண்ணலாம்" என்று அனுப்பிவிட்டார்.

கம்பத்தில் இருக்கும் சின்னம்மாவிடம் போனேன். முதலில் பேச்சை மாற்றிக் காபி போட்டார். நான் விடவில்லை. கடைசியில் டிரங்குப் பெட்டியைத் திறந்து, மஞ்சளாகிப்போன ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்தார். "கர்ப்பப்பை வாயிலத்தா. ரத்தம் நிக்காமப் போச்சு. மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி கரண்டு வச்சோம். உங்களுக்கெல்லாம் மாப்பிள்ளை பார்க்கணுமேன்னு யார்கிட்டயும் சொல்லலை" என்று அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார்: "உங்கப்பா கூடப் பொறந்தவளைக் கேட்டியா? அவளுக்குத்தானே ஒரு பக்கம் மாரையே எடுத்தாங்க!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரியகுளத்து அத்தை எப்போது பார்த்தாலும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டே இருப்பார். அது அவர் சுபாவம் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். 38 வயதில் ஆபரேஷன் ஆகி, இன்று 70 வயதில் திடமாக இருக்கிறார்.

சீட்டோடு மறுபடி டாக்டரிடம் போனேன். அவர் சொன்னது என் கணக்கையே தலைகீழாகப் புரட்டிவிட்டது. கர்ப்பப்பை வாய்ப் புற்று பெரும்பாலும் ஒரு வைரஸ் கிருமியால் வருவது. அம்மாவின் ரத்தத்தின் வழியாக மகளுக்கு இறங்குவதல்ல. அதனால் மட்டும் ஹார்மோன் சிகிச்சையைத் தள்ள வேண்டியதில்லை. (ஆனால் அதற்கான பரிசோதனையை எல்லாப் பெண்களும் செய்துகொள்ள வேண்டும். 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணம் வாங்காமல் பார்க்கிறார்கள்.) நான் கணக்கிலேயே சேர்க்காத அத்தையின் மார்புப் புற்றுதான் யோசிக்க வேண்டிய விஷயமாம். 'அப்பா வழி நமக்கு எதுக்கு' என்று விடக் கூடாது. குறையுள்ள மரபணு அப்பா வழியாகவும் பெண்ணுக்கு வரும். அதிலும் சின்ன வயதில் வந்திருந்தால் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

"அப்போ ஹார்மோன் சாப்பிட்டா எனக்கும் வந்திருமா?" என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார்.

இந்தப் பயம் ஊரெங்கும் பரவியது 2002-ல். அமெரிக்காவில் 16,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த பெரிய ஆராய்ச்சியைப் பாதியில் நிறுத்தினார்கள். இரண்டு ஹார்மோனையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் வருடத்துக்கு 10,000 பேரில் 38 பேருக்கு மார்புப் புற்று. சாப்பிடாதவர்களில் 30 பேருக்கு. ஆனால் அந்தப் பெண்களின் சராசரி வயது 63! விலக்கு நின்ற சூட்டோடு ஆரம்பிப்பவர்களுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

2019-ல் பல நாட்டு ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அந்த மேல்நாட்டுக் கணக்கில், 50 வயதிலிருந்து 69 வயது வரை, ஹார்மோன் சாப்பிடாத 100 பேரில் 6 பேருக்கு மார்புப் புற்று வருகிறது. 50 வயதில் ஆரம்பித்து 5 வருடம் இரண்டு ஹார்மோனையும் தினமும் சாப்பிட்டால் அது 8 ஆகிறது. அதாவது 50 பேருக்கு ஒருவர் கூடுதல். நம் ஊரில் இந்தப் புற்று அங்கே அளவுக்கு இல்லை. ஆனால் குடும்பத்தில் இருந்தால் நாம் ஆரம்பிக்கும் எண்ணே பெரிதாகிவிடும். அதனால்தான் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்கள்.

மார்புப் புற்று வந்தவர்களில் 100-க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் அது பரம்பரைக் குறையால் வருகிறதாம். அதைப் பார்க்க ரத்தப் பரிசோதனை உண்டு. முதலில் செய்ய வேண்டியது நோய் வந்தவருக்கு, எனக்கல்ல.

அத்தையிடம் எப்படிக் கேட்பது என்று இரண்டு நாள் தயங்கினேன். அவரோ, "இம்புட்டு நாள் மூடி வச்சது போதும்டி. உங்களுக்கு உதவும்னா எடுக்கட்டும் ரத்தத்தை" என்று கிளம்பிவிட்டார்! 2023-ல் விட்ட போடி ரயில் இருக்கவே, தேனியில் ஏறிச் சென்னைக்குப் போனோம். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் வந்த அடையாறு புற்றுநோய் நிலையத்தில் பரம்பரைப் புற்றுநோய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. முடிவு வந்தபோது, தேடிய குறை எதுவும் அத்தைக்கு இல்லை.

மதுரையில் மார்புக்கு மேமோகிராம் எடுத்து, பிரஷர், சர்க்கரை எல்லாம் பார்த்த பிறகு எனக்குக் கையில் பூசும் ஈஸ்ட்ரோஜன் ஜெல் கொடுத்தார்கள். மாத்திரையால் ரத்தம் உறைய இடமுண்டு, தோலில் பூசினால் அந்தப் பயம் குறைவாம். கர்ப்பப்பை இருப்பதால் ராத்திரிக்கு ஒரு புரோஜெஸ்டிரோன் மாத்திரையும் உண்டு. ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தால் கர்ப்பப்பையின் உட்புறத்தில் புற்று வரலாம் என்று 1975-லேயே கண்டுபிடித்துவிட்டார்களாம். மூன்று மாதத்தில் தூக்கம் திரும்பி வந்தது. வருடா வருடம் பார்த்துவிட்டு, வேண்டுமா என்று மறுபடி முடிவு செய்வோம் என்றிருக்கிறார். பயம் முழுசாகப் போய்விட்டதா? இல்லை. ஆனால் எதற்குப் பயப்படுகிறேன் என்று இப்போது தெரியும்.

இதைப் படித்துவிட்டு நீங்களும் ஜெல் வாங்கப் போய்விடாதீர்கள்! போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கப் போகும் என் தோழிக்கும் இதே வேர்வைதான். அவள் அம்மா, அக்கா இருவருக்கும் 50 வயதுக்குள் மார்புப் புற்று. அவளுக்கு ஹார்மோன் வேண்டாம் என்றுவிட்டார் அதே டாக்டர். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஒரு வகை மாத்திரையைக் குறைந்த அளவில் கொடுத்திருக்கிறார். அதிலும் வெக்கை குறைகிறது. அவளுக்கு அது சரி, எனக்கு இது சரி.

டாக்டரிடம் போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்:

1. அம்மா வழி, அப்பா வழி இரண்டிலும் யாருக்குப் புற்று வந்தது? எந்த இடத்தில், எந்த வயதில்? பழைய சீட்டு இருந்தால் எடுத்துப் போங்கள்.

2. கர்ப்பப்பை எடுத்தவர்கள், சினைப்பையையும் எடுத்தார்களா என்று டிஸ்சார்ஜ் காகிதத்தில் பாருங்கள். மருந்து அதைப் பொறுத்து மாறும்.

3. உங்களுக்கே மார்புப் புற்று, பக்கவாதம், ரத்தக்கட்டி, ஈரல் நோய் வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

4. விலக்கு நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் 'சூடு' என்று விடாதீர்கள். உடனே காட்டுங்கள்.

5. மெடிக்கல் ஷாப்பில் 'வேர்வைக்கு மாத்திரை' என்று கேட்டு வாங்கவே வாங்காதீர்கள்.

போன வாரம் என் மகளை உட்காரவைத்து, பாட்டிக்கு என்ன, பெரியகுளத்துப் பாட்டிக்கு என்ன என்று முழுசாகச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் தன் டைரியில் எழுதிக்கொண்டாள். மாமியார் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "எங்க அக்காவுக்கும் ஒண்ணு இருந்துச்சு... அதையும் எழுதிக்க, தாயி" என்றார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும், சகோதரிகளே. வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.