கொல்லிமலைப் பச்சிலையும் நெஞ்சாங்குலை உப்பும்

கொல்லிமலை என்றவுடன் வல்வில் ஓரியின் கொடையை நினைக்கிறோம். சித்தர் குகைகளை நினைக்கிறோம். அம்மலைப் பச்சிலைகளின் பெருமையையோ மேடைதோறும் முழங்குகிறோம். “நெஞ்சு நோய்க்கு மருந்து நம் மலையில் இல்லையா?” என்று கேட்டால் கைதட்டல் எழும். அப்பச்சிலை நெஞ்சாங்குலைக்குள் சென்று செய்வது என்ன என்று கேட்டாலோ மேடை வாயடைத்துப் போகும். தமிழர்காள்! அவ்வாயடைப்பு நமக்குப் பெருமை தருமா?

நெஞ்சாங்குலையின் துடிப்பு உப்பின் கணக்கில் நிற்கிறது. உப்பிலுள்ள சோடியத்தை இங்கு உவர்மம் என்போம். உயிரணுவுக்கு வெளியே உவர்மம் 140 பங்கு என்றால், உள்ளே ஏறத்தாழ 10 பங்குதான். உயிரணுவின் மென்தோலில் ஓயாது இயங்கும் ஓர் ஏற்றம், ஒவ்வோர் இறைப்பிலும் 3 உவர்மத் துகள்களை வெளியேற்றி, 2 பொட்டாசியத் துகள்களை உள்ளே கொணர்கிறது. இதனை 1957இல் கண்டுரைத்த தென்மார்க்கு அறிஞர் சுக்கௌ, 1997இல் நோபல் பரிசு பெற்றார்.

இவ்வேற்றத்தைச் சற்றே தடுத்தால் உள்ளே உவர்மம் ஏறும், அதைத் தொடர்ந்து கால்சியம் மிகும், துடிப்பு வலுக்கும். அது மருந்து. மிகத் தடுத்தால் துடிப்பு தடுமாறி உயிர் போகும். அது நஞ்சு. 1785இல் ஆங்கில மருத்துவர் விதரிங்கு எழுதிய நரிக்கையுறைச் செடியின் ஆற்றல் இதுவே. நம் வேலியோரத்து மஞ்சள் அலரியின் கொடுமையும் இதுவே. யாழ்ப்பாணத்தில் அலரி நஞ்சுக்கு ஆளான 170 பேரைப் பற்றிய ஆய்வைச் சரவணபவானந்தன், கணேசமூர்த்தி ஆகிய இருவரும் 1988இல் வெளியிட்டனர். செடி நம் மண்ணது என்பதற்காக நஞ்சு நம்மிடம் இரக்கம் காட்டவில்லை!

உயிரணுவைச் சிதைக்காமல் அதன் உள்ளிருக்கும் உவர்மத்தை அளக்க முடியுமா? முடியும். வலிய காந்தப் புலத்தில் உவர்மத்தின் அணுக்கரு, தனக்குரிய வானொலி அலைக்கு மறுமொழி தரும். இதுவே காந்த ஒத்திசைவு. ஆனால், உள்ளிருப்பதும் வெளியிருப்பதும் ஒரே குரலில் பேசும். 1982இல் இராசு குப்தா, பிரதிமா குப்தா ஆகியோர், உயிரணுவுக்குள் நுழையாத டிசுபுரோசியச் சேர்மமொன்றை வெளிநீரில் கலந்தனர். வெளிக்குரல் விலகியது, உட்குரல் தனித்து ஒலித்தது! பின்னர், உடலுக்கு வெளியே துடிக்கவைத்த விலங்குகளின் நெஞ்சாங்குலையிலும் இம்முறை பயன்பட்டது. அச்சேர்மம் மாந்தர் உடலுக்கு ஏற்றதன்று. எனினும் செடிச்சாற்றை ஆய்வுக்கூடத்தில் ஆராய அது போதும்.

நாம் கேட்பது இதுதான். கொல்லிமலையில் நெஞ்சுக்கு நல்லது என வழங்கும் ஒவ்வொரு பச்சிலையும் இத்தகைய அளவைக்கு உட்படட்டும். எவ்வளவு வரை மருந்து, எங்கிருந்து நஞ்சு என்னும் எல்லை தெரியட்டும். அம்முடிவுகள் தமிழில் எழுதப்படட்டும். செடியைக் காத்து, அதன் பயனையும் கைவழியாய்க் காத்துவந்த மலைவாழ் மக்களுக்கே அவை முதலில் போய்ச் சேரட்டும். ஊதியம் விளையுமாயின் அதிலும் அவர்களுக்குப் பங்கு வேண்டும்.

அளக்க அஞ்சுகிறவன் தன் மருந்தைத் தானே நம்பாதவன். பொய்ப்பவை கழியட்டும், மெய்ப்பவை உலகெங்கும் செல்லட்டும். பழம்பெருமைக்கு நாம் செலுத்தும் கடன் புகழ்ச்சியன்று, ஆய்வே!